கோணல் கிளி

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். ஏழு மோட்டார் ஒண்ணா ஓடுகிற பட்டறையில் நடந்த கதை இது. அங்கே எதைச் சொல்வதானாலும் காதுப் பக்கம் வந்துதான் சொல்ல வேண்டும். கதைக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது.

"வேலையில ஒருத்தனுக்கும் மனசே இல்லம்மா," என்றார் வரதராஜுலு.

கோவிந்தம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் முன்னால் அரிவாள்மனை. அரிவாள்மனையில் ஒரு முழுப் பூசணிக்காய்.

"யாருக்கு?"

"என் ஆளுங்களுக்குத்தான். பதினோரு பேரு. எல்லாருக்கும் கை இருக்குது, கால் இருக்குது. மனசு மட்டும் இல்ல."

"எங்க வச்சுட்டு வராங்களாம்?"

"அத்தத்தான் உன்னைக் கேக்க வந்தேன்."

"அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க சின்ன மொதலாளி. உருளுது."

ஐம்பத்திரண்டு வயசு வரதராஜுலு குனிந்து பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதெல்லாம் எவர்சில்வர்தான் ராஜா. பரணில் கிடந்த பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டு ஜனங்கள் எவர்சில்வர் வாங்கினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் காப்பி வந்த டம்ளரைப் பார்த்தார்கள். குடித்து முடித்ததும் டம்ளரைத் திருப்பி, அடியில் கிளி இருக்கிறதா என்று பார்த்த சம்பந்திகளும் உண்டு.

கிளி என்றால் கொண்டித்தோப்பு ரங்கய்யா பட்டறையின் முத்திரை. கட்டை விரல் நகம் அளவில் ஒரு கிளி. ரங்கய்யா போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அவர் உட்கார்ந்த ஜன்னலோர மேசையில் இப்போது மகன் வரதராஜுலு. அதனால்தான் வயசு எவ்வளவு ஏறினாலும் அவர் சின்ன முதலாளி.

கோவிந்தம்மாவின் புருஷன் ரங்கய்யாவிடம் பாலிஷ் போட்டவர். அவர் காலமான பிறகு இவள் கரண்டியை எடுத்தாள். கல்யாணச் சமையல். அவள் கையில் பதினாறு பேர். பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூட விலகிப் போனதில்லை. கூலி கூட்டித் தருகிறேன் என்று வேறு சமையல்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்தும் போகவில்லை.

அது எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் வரதராஜுலு கல்யாண மண்டபத்தின் கொல்லையில் வந்து பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பஜார்ல நம்ம கடைக்காரர் ஆறு டஜன் டம்ளரத் திருப்பி அனுப்பிட்டாரும்மா. மங்கலாம். தை முகூர்த்தத்துக்கு இருநூறு டஜன் கேட்டிருக்காரு. 'வரது, அதுலயும் மங்கல் வந்துச்சுன்னா உன் கிளி என் கடையில இனிமே உக்காராது'ன்னுட்டாரு."

"வேற கடை?"

"அந்த ஒரு கடைதான் பட்டறையே. அது போச்சுன்னா இழுத்து மூட வேண்டியதுதான்."

கோவிந்தம்மா முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"பண்ணாதது இல்ல. மின்விசிறி போட்டேன். டீயோட பொறை குடுத்தேன். ரேடியோ வாங்கி வச்சேன்."

"நல்லதாச்சே."

"மோட்டார் சத்தத்துல பாட்டு கேக்கலன்னு மோட்டார நிறுத்திட்டானுங்க."

கோவிந்தம்மா பூசணி விதையை வழித்துப் போட்டாள். சிரிப்பை அடக்குகிற மாதிரி தெரிந்தது.

"அப்பால?"

வரதராஜுலு பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"படம் மாட்டினேன்."

"இன்னா படம்?"

"மாசத்துக்கு ஒருத்தன். நல்லா வேலை செஞ்சவன் படத்தப் பெருசு பண்ணி, சட்டம் போட்டு, வாசல்ல மாட்டறதுன்னு. மொத மாசம் முனிரத்தினம். பட்டறையிலயே அவன் கைதான் கை. நல்ல படம். கீழ 'சிறந்த உழைப்பாளி'ன்னு எழுதி, மரியாதையா இருக்கட்டும்னு ஒரு சந்தன மாலை போட்டு..."

"மாலையா?"

"மேல ஒரு சின்ன சிவப்பு பல்பு."

கோவிந்தம்மா அரிவாள்மனையிலிருந்து எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். சிரிக்கிறபோது கத்திப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது அவள் கட்டுப்பாடு.

நடந்தது இதுதான். மத்தியானம் முனிரத்தினத்தின் பெண்சாதி சாப்பாடு கொண்டுவந்தாள். வாசலில் புருஷன் படம். மாலை. விளக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவள். சாப்பாட்டைக் கீழே போட்டுவிட்டு, "என்ன விட்டுட்டுப் போயிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கமும் கூடி அழ ஆரம்பித்துவிட்டது.

அழுகை கேட்டு, யாருக்கோ என்னமோ என்று முனிரத்தினமும் உள்ளே இருந்து ஓடி வந்தான். பாலிஷ் போடுகிறவன் வேலை நேரத்தில் எப்படி இருப்பான் தெரியுமில்லையா? தலையிலிருந்து கால் வரைக்கும் கரி. கண் மட்டும் வெள்ளை. அந்த உருவம் "இன்னாடி ஆச்சு?" என்று கிட்டே வந்ததும் அவள் மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள்.

"அன்னிலேருந்து அவனை எல்லாரும் 'காலமானவரே'ன்னுதான் கூப்பிடறானுங்க," என்றார் வரதராஜுலு. "அவன் அதுக்கப்புறம் என் மூஞ்சியப் பாக்கறதே இல்ல."

கோவிந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சின்ன மொதலாளி, நீங்க நல்ல மனுசன்."

"அது கெடக்குது. இவங்களுக்கு மனசு வரவைக்க வழி சொல்லு."

"சின்ன வெங்காயம் உரிக்கணும். ரெண்டு முறம் இருக்குது."

வேறு வழி? உரித்தார்.

கண்ணில் தண்ணீர் ஊற்ற ஊற்ற ஒரு முறம் முடித்தபோது அண்டாவில் சாம்பார் கொதித்தது. வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும். கோவிந்தம்மா கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கினாள். வாயில் விட்டுப் பார்க்கவில்லை.

"பாவாடை!" என்று கூப்பிட்டாள்.

பாவாடை என்பது பாத்திரம் தேய்க்கிற ஆள். நரைத்த தலை, வேட்டியெல்லாம் ஈரம். சாம்பல் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். கோவிந்தம்மா அவன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். அவன் நக்கினான். கண்ணை மூடினான். பெரிய வைத்தியர் நாடி பிடிக்கிற தோரணை.

"ஒரு கை உப்பு கம்மிக்கா."

கோவிந்தம்மா ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். அவன் இன்னொரு சொட்டு பார்த்தான்.

"இப்ப எறக்கு."

இறக்கினார்கள்.

வரதராஜுலு வெங்காயத்தை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா நீ அடுப்புகிட்ட நிக்கிற. உனக்குத் தெரியாதா ஒரு கை கம்மின்னு?"

"தெரியும். நான்தானே கம்மியாப் போட்டேன்."

"எதுக்கு?"

"பாவாடை இருக்கானே."

பந்தி ஆரம்பித்துவிட்டது. வரதராஜுலு சுற்றிப் பார்த்தார். தேய்க்க வேண்டிய பாத்திரம் மலையாய்க் கிடந்தது. பாவாடையைக் காணோம். அவன் சாப்பாட்டுக் கூடத்தின் கதவுச் சந்தில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நின்றான். யார் இரண்டாம் தடவை சாம்பார் கேட்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"புரிஞ்சுபோச்சு," என்றார் வரதராஜுலு.

"அவ்வளவு சீக்கிரமா?" என்றாள் கோவிந்தம்மா.

அவர் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து அவர் என்ன செய்தார் தெரியுமா?

யாரும் வருவதற்கு முன்னால் பட்டறைக்குப் போனார். பாலிஷ் முடிந்த டம்ளர் ஆறு எடுத்தார். ஆணியால் ஒவ்வொன்றிலும் ஒரு கீறல் போட்டார். கூடையில் கலந்து வைத்துவிட்டு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்துகொண்டார். எவன் கண்டுபிடித்து எடுத்து வருகிறானோ அவன் கையில் இனிப்புப் பொட்டலம் கொடுத்துத் தட்டிக்கொடுப்பதாக ஏற்பாடு. பொட்டலமும் வாங்கி வைத்திருந்தார்.

பதினோரு மணிக்கு முனிரத்தினம் வந்தான். ஆறு டம்ளரையும் மேசையில் வரிசையாகக் கவிழ்த்தான்.

வரதராஜுலுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பொட்டலத்தை எடுத்தார்.

"மொதலாளி," என்றான் முனிரத்தினம். "மோட்டார் கீறல் எங்களுக்குத் தெரியும். மணல் கீறல் தெரியும். இது மேசையில குந்திகினு போட்ட கீறல்."

பட்டறையில் ஒவ்வொரு மோட்டாராக நின்றது.

"நாங்க திருடங்களான்னு வேவு பாக்குறீங்களா?"

"இல்லப்பா! நீங்க கண்டுபிடிக்கிறீங்களான்னு..."

"கண்டுபிடிச்சாச்சு."

வரதராஜுலுவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. பஜாரிலிருந்து திரும்பி வந்த மங்கல் டம்ளர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஆணிக் கீறல் தெரியுது. இந்த மங்கல் மட்டும் தெரியலையா உனக்கு?"

முனிரத்தினம் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான்.

"நல்லாத் தெரியுது."

"தெரிஞ்சும் ஏன்பா கூடையில போடற?"

"அதான் கிளி போடறதுக்கு முன்னால நீங்க பாக்குறீங்களே," என்றான்.

போய்விட்டான். அன்றைக்கே இரண்டு பேர் கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த தெருப் பட்டறைக்குப் போனார்கள். இனிப்புப் பொட்டலத்தை எறும்பு கண்டுபிடித்தது.

கார்த்திகைக் கடைசி முகூர்த்தம். வேறொரு மண்டபம். பந்தி முடிந்து கோவிந்தம்மா சுவரில் சாய்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னபடி செஞ்சேன்," என்றார் வரதராஜுலு. நின்றுகொண்டே சொன்னார். "ரெண்டு பேரு போயிட்டானுங்க. மிச்சம் ஒம்போது. தைக்கு ஒன்றரை மாசம்கூட இல்ல."

"நான் இன்னா சொன்னேன்?"

"ஒரு கை உப்ப நீயே கம்மியாப் போட்ட. நானே கீறல் போட்டேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

"நான் என் சமையல்ல கைய வச்சேன் சின்ன மொதலாளி. நீங்க யாரு வேலையில ஆணிய வச்சீங்க?"

வரதராஜுலு கீழே உட்கார்ந்தார். மண்டபத்துப் பந்தலில் காற்று அடித்து வாழை இலை சலசலத்தது. உள்ளே யாரோ குழந்தைக்கு விளையாட்டுக் காட்டி நாயனத்தை ஊதினார்கள்.

"மூடிடலாம்னு பாக்குறேன்," என்றார்.

கோவிந்தம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள்.

"பெரியவரு இருந்தப்ப எப்படி இருந்துச்சு?"

"எதுக்கு இப்ப அது?"

"சும்மா சொல்லுங்க. நானும் கேட்டு நாளாச்சு."

முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். பிறகு தானாக வந்தது. துறைமுகத்துச் சங்கு ஊதுவதற்கு முன்னால் ஆட்கள் வந்து நின்றது. நுழைந்ததும் அவனவன் மோட்டாரைத் தொட்டுக் கும்பிட்டது. மோட்டார் சத்தத்துக்கு மேல் தொண்டை கட்டப் பாடினது. மத்தியானம் சுவரோரம் வரிசையாய் சாப்பாட்டுத் தூக்குகள் உட்கார்ந்திருந்தது. ஒருத்தன் மீன் குழம்பைத் திறந்தால் எல்லார் கையும் அங்கே போனது. அப்பா பனியனோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மேலே வெயில் விழும்.

"நான் அதிகம் பட்டறையில இருக்க மாட்டேன். சரக்க எடுத்துகினு பஜாருக்குப் போயிடுவேன். காலையில மட்டும் அவரு பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக் காட்டணும். நான் நாலு எழுத்து நல்லாப் படிக்கணும்னு அவருக்கு ஆசை."

"ம்."

"ஆளுங்க டம்ளரக் கொண்டாந்து ஒவ்வொண்ணாக் குடுப்பாங்க. அப்பா கையில வாங்குவாரு. திருப்புவாரு. விரலால தடவுவாரு. 'போலாமா?'ம்பாரு. 'போலாங்க'ம்பான் அவன். அடியில கிளி வெட்டின உளிய வச்சு டங்குனு ஒரு அடி. கிளி விழுந்துடும். சில நேரம் அவனே, 'இருங்க மொதலாளி, இன்னொரு தேய் தேய்ச்சுட்டு வரேன்'னு கையிலேருந்து புடுங்கிகினு ஓடுவான்."

"எதுக்குக் கேப்பாரு, போலாமான்னு?"

"பழக்கம்."

"ஓ."

"அந்த டங்கு சத்தம் இன்னும் காதுல இருக்குதும்மா. அந்த ஆளுங்கள்லாம் வேற ஆளுங்க. இப்ப அந்த மாதிரி பொறக்கறதில்ல."

"முனிரத்தினம் அப்ப இருந்தானே?"

வரதராஜுலு எழுந்து செருப்பைத் தேடினார்.

"நாளைக்கு எனக்கு வேலை இல்ல," என்றாள் கோவிந்தம்மா. "பட்டறைக்கு வரேன். ஒரு தூக்கு பாலிஷ் போடணும்."

மறுநாள் காலையில் வந்தாள். கையில் ஒரு பழைய எவர்சில்வர் தூக்கு.

வரதராஜுலு மேசையில் இருந்தார். மூக்கின் மேல் தடிக் கண்ணாடி. ஒவ்வொரு டம்ளராக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உற்றுப் பார்த்தார். சரியில்லாததை இடது கூடையில் போட்டார். சரியானதில் உளியை வைத்து அடித்தார். கிளி நட்ட நடுவில், நேராக, அளவெடுத்து வைத்த மாதிரி விழுந்தது.

ஆட்கள் கூடையைக் கொண்டுவந்தார்கள். வைத்தார்கள். திரும்பிப் போனார்கள். ஒருத்தரும் பேசவில்லை. இடது கூடையில் எவ்வளவு விழுகிறது என்று ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

கோவிந்தம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"நல்லாப் பாக்குறீங்க சின்ன மொதலாளி."

"கண்ணு வலிக்குது. விடியக்காலையிலேருந்து பாக்குறேன்."

"இந்தத் தூக்கையும் பாருங்க. எங்க வூட்டுக்காரரு பாலிஷ் போட்டது. பெரியவரு கிளி போட்டது."

வாங்கிக் கவிழ்த்தார். அடியில் கிளி இருந்தது. ஆனால் நடுவில் இல்லை. ஓரமாய், விளிம்புக்குப் பக்கத்தில், தலைகீழாகச் சாய்ந்து கிடந்தது. கிளையிலிருந்து விழப் போகிற கிளி மாதிரி.

"கோணலா இருக்குது," என்றார்.

"ஏன்?"

"அவசரத்துல அடிச்சிருப்பாரு."

"யாரு, பெரியவரா? அவசரமா?"

வரதராஜுலு யோசித்தார். அப்பா எதற்குமே அவசரப்பட்டவர் இல்லை. சோற்றை ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டவர்.

"அவரு போட்டதெல்லாம் அப்படித்தான் இருக்கும். பஜார்லயே சொல்வாங்க. கிளி கோணலா இருந்தாத்தான் அசல்னு."

பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. கூடையோடு முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் கரி. படம் மாட்டின நாளிலிருந்து அவன் சிரித்து வரதராஜுலு பார்த்ததில்லை.

"இன்னாப்பா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மொதலாளி."

"சொல்லேன் முனி," என்றாள் கோவிந்தம்மா. "பெரியவரு போயிப் பதினோரு வருசம் ஆச்சு. இன்னும் யாருக்காக ஒளிக்கிற?"

முனிரத்தினம் கூடையைக் கீழே வைத்தான்.

"பெரியவருக்குக் கண்ணு எங்க தெரிஞ்சுது?"

"மங்கல்னு சொல்வாரு," என்றார் வரதராஜுலு. "எனக்குத் தெரியும். கொஞ்சம் மங்கல்."

"மங்கலா! மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுகினு 'யாரு, முனியா?'ம்பாரு. கரி பூசிகினு இருக்கோம், அதனால அடையாளம் தெரியலன்னு மொதல்ல நெனச்சோம். அப்பால ஒரு நாள் குளிச்சிட்டு வெள்ளைச் சட்டையோட போய் நின்னேன். அப்பவும், 'யாரு, முனியா?' கடைசி ஒம்போது வருசம் சுத்தமா இருட்டு மொதலாளி அவருக்கு. கத்திக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கும் போவல. 'வரது கிட்ட சொல்லாதீங்கடா, பஜார்ல அவனை மதிக்க மாட்டாங்க'ன்னாரு. சொல்லல."

ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. வரதராஜுலு தூக்கின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் படிக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. படியில் இறங்கும்போது அப்பா எப்போதும் இவர் தோளில் கை வைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. பாசம் என்று நினைத்திருந்தார். பாசமாகவும் இருந்திருக்கலாம்.

தூக்கை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"முனி, ஒண்ணு கேக்கறேன். அவருக்குத்தான் தெரியாதே. மங்கலா ஒண்ணக் குடுத்துட்டு 'போலாங்க'ன்னு சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா போயிருக்கும்."

"அவரு கண்டுபிடிச்சிருக்க மாட்டாரே?"

"எங்க கண்டுபிடிக்கறது!"

"அப்புறம்?"

முனிரத்தினம் தலையைச் சொறிந்தான். கரி உதிர்ந்தது.

"இப்ப நீங்க கேக்குறீங்க. நல்ல கேள்விதான். ஆனா அந்த ஒம்போது வருசத்துல எங்க யாருக்கும் அது தோணவே இல்ல."

அடுத்த மோட்டாரில் இருந்தவன் கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தான். அதற்கடுத்தவனும்.

வரதராஜுலு கூடையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். பழக்கம் விடுமா? கை தானாக ஜன்னலுக்குப் போனது. தலை தானாகச் சாய்ந்தது. கண்ணாடிக்குள் கண் சுருங்கியது.

கோவிந்தம்மா கையை நீட்டினாள். தூங்குகிற பிள்ளையின் காதிலிருந்து தோட்டைக் கழற்றுகிற மாதிரி, அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏ, இன்னாம்மா இது! குடு!"

அவள் கொடுக்கவில்லை.

ஜன்னல் வெள்ளையாய்க் கரைந்தது. டம்ளர் கையில் ஒரு பளபளப்பாக மட்டும் இருந்தது. எதிரே ஒரு கறுப்பு உருவம். முகம் தெரியவில்லை. வரதராஜுலு டம்ளரைத் திருப்பினார். விரலால் அடியைத் தடவினார். அது குளிர்ச்சியாக இருந்தது. ரொம்ப நேரம் தடவினார்.

பிறகு அதை எதிரே நீட்டினார்.

"யாரு, முனியா?"

"நான்தாங்க."

"போலாமா?"

உருவம் டம்ளரை வாங்கியது. ஜன்னல் பக்கம் நகர்ந்தது. இப்படித் திருப்பிப் பார்த்தது, அப்படித் திருப்பிப் பார்த்தது. பட்டறையில் ஒரு மோட்டார்கூட ஓடவில்லை.

"இருங்க மொதலாளி," என்றான் முனிரத்தினம். "இன்னொரு தேய் தேய்ச்சுட்டு வரேன்."

போகிற காலடிச் சத்தம் கேட்டது. ஒரு மோட்டார் ஓட ஆரம்பித்தது.

கோவிந்தம்மா கண்ணாடியை மடித்துத் தன் சுருக்குப் பையில் வெற்றிலைக்கு நடுவில் வைத்தாள். கயிற்றை இறுக்கி இழுத்தாள். பையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாலிஷ் போடாத தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.